ஜான் வெஸ்லி ஹார்டிங்: இந்த ஆல்பத்தைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் பாடிய 'ஜான் வெஸ்லி ஹார்டிங்' ஆல்பம் 1967 டிசம்பர் 27 அன்று வெளிவந்தது. பன்னிரண்டு பாட்டு, நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இருபது வருடத்துக்கும் மேலாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாட்டைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் சுற்றி வளைத்து இதில்தான் வந்து நிற்பேன். அப்படிப் பேசும்போது நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

டிலன் நாற்பது ஆல்பம் வரைக்கும் போட்டிருக்கிறார். அதில் ஏன் இதையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

சத்தத்தைக் குறைத்தாலும் இதில் ஒன்றும் குறையாது. எனக்கு இது கிடைத்ததே அப்படித்தான். 2002-ல் வேலை தேடிச் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூன்று பேர் ஓர் அறையில் இருந்தோம். ஒருவர் எங்கோ இரவல் வாங்கிப் பதிவு செய்த கேசட் அது. உறையில் பெயர்கூட எழுதியிருக்கவில்லை. மற்ற இருவரும் தூங்கிய பிறகு டேப் ரிக்கார்டரைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்து, சத்தத்தை அடியோடு குறைத்து, ஸ்பீக்கரில் காதை ஒட்டிக் கேட்பேன். வேறு கேசட்டை அப்படிக் கேட்டால் பாதிப் பாட்டு காணாமல் போய்விடும். இதில் எதுவும் போகவில்லை. ஒரு கிட்டார், அடிச்சுரம் வாசிக்கும் ஒரு பாஸ் கிட்டார், ஒரு ட்ரம்ஸ், ஒரு குரல், இடையிடையே மவுத் ஆர்கன். ஒன்று மற்றொன்றின் மேல் ஏறாமல், திண்ணையில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தவர்கள் மாதிரி இருக்கும்.

முதல் வாரம், வேலையைப் பாதியில் விட்டுவிட்டார்களோ என்றுதான் நினைத்தேன். ஒரு மாதம் கழித்து, நடுவில் விட்டிருந்த அந்த வெற்றிடத்தில் நான் போய் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இன்றைக்கும் அந்த இடம் எனக்குக் காலியாகவே இருக்கிறது.

1967 என்றால் எல்லோரும் பிரமாண்டமாகச் செய்துகொண்டிருந்த வருடம். இவர் மட்டும் ஏன் இவ்வளவு எளிமையாகச் செய்தார்?

அந்த வருடம் ஜூன் மாதத்தில் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' வந்தது. அதற்கு ஸ்டுடியோவில் மாதக்கணக்கில் உழைத்திருந்தார்கள். அடுக்கடுக்காக வாத்தியம், சித்தார், வயலின் கூட்டம் என்று எல்லாம் அதில் உண்டு. அதைப் பார்த்து மற்றவர்களும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். டிலனின் ஆல்பம் வருவதற்குச் சில வாரம் முன்பு வந்த ரோலிங் ஸ்டோன்ஸ் ஆல்பமும் அந்த வகைதான்.

டிலன் அப்போது ஊர் கண்ணில் படாமல் இருந்தார். அதற்கு முந்தைய வருடம் எலக்ட்ரிக் கிட்டாரோடு ஊர் ஊராகப் போய்ப் பாடி, பழைய ரசிகர்களிடம் வசவு வாங்கினார். மான்செஸ்டரில் கூட்டத்திலிருந்து ஒருவர் துரோகி என்ற பொருளில் 'யூதாஸ்' என்று கத்தியது பதிவாகவே இருக்கிறது. 1966 ஜூலை 29 அன்று நியூயார்க் மாநிலத்தின் வுட்ஸ்டாக் அருகே மோட்டார் சைக்கிளில் விழுந்தார். அதோடு பயணக் கச்சேரிகள் நின்றன. வீடு, மனைவி, குழந்தைகள் என்று இருந்தார். 1967 கோடையில் பக்கத்து ஊரில் 'பிக் பிங்க்' என்ற வீட்டின் அடித்தளத்தில் நண்பர்களோடு நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகளைப் பாடிப் பதிவு செய்தார். அவற்றில் ஒன்றுகூட இந்த ஆல்பத்தில் இல்லை. இவை வேறு ஊற்றிலிருந்து வந்தவை.

அக்டோபர் 3 அன்று நாட்டுப்பாடல் பாடகர் வுடி கத்ரி இறந்தார். டிலன் சின்ன வயதில் யாரைப் பார்த்துப் பாட ஆரம்பித்தாரோ அவர். சரியாகப் பதினான்கு நாள் கழித்து டிலன் டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் கொலம்பியா ஸ்டுடியோவில் இருந்தார். ஒன்றுக்கொன்று தொடர்பு உண்டு என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் சாவு வீட்டுக்குப் போய் வந்தவர் பேசும் நிதானம் இதில் எனக்குக் கேட்கிறது.

அக்டோபர் 17, நவம்பர் 6, நவம்பர் 29 என்று மூன்றே அமர்வு. கடைசி அமர்வு முடிந்து ஒரு மாதத்துக்குள் இசைத்தட்டு கடையில் இருந்தது. விளம்பரம் வேண்டாம் என்று கம்பெனியிடம் சொல்லிவிட்டார். தனிப்பாட்டுத் தட்டு (சிங்கிள்) எதுவும் முன்கூட்டி வரவில்லை. அப்படியும் விற்பனைப் பட்டியலில் அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை போனது, பிரிட்டனில் முதலிடம்.

இது ஃபோக்கா, கன்ட்ரியா?

எழுதிய விதம் ஃபோக், அதாவது நாட்டுப்பாடல். வாசித்த கைகள் கன்ட்ரி, அதாவது அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் ஜனரஞ்சக இசை. அடித்தள மக்களிடம் வாய்வழியாக வந்த கதைப்பாடலின் அச்சில்தான் ஏறக்குறைய எல்லாப் பாட்டும் இருக்கிறது. நாலு நாலு வரியாகக் கதை போகும், பெரும்பாலும் பல்லவியே கிடையாது. வாசித்தவர்கள் நாஷ்வில்லில் நாள்தோறும் கன்ட்ரி பாட்டுக்கு வாசித்துப் பழகியவர்கள். பாஸில் சார்லி மெக்காய், ட்ரம்ஸில் கென்னி பட்ரி. தயாரிப்பாளர் பாப் ஜான்ஸ்டன். கனடாப் பாடகர் கார்டன் லைட்ஃபுட்டுக்கு இந்த இருவரும் வாசித்ததைக் கேட்டு, அந்த ஓசை தனக்கும் வேண்டும் என்றுதான் போனதாக டிலன் பின்னால் சொன்னார். போனவருக்குக் கிடைத்தது அதைவிடவும் மெலிந்த ஓசை. வுட்ஸ்டாக் திரும்பியதும் இதன்மேல் இன்னும் வாத்தியம் சேர்க்கலாமா என்று 'பிக் பிங்க்' நண்பர்களில் ஒருவரான கிட்டார் கலைஞர் ராபி ராபர்ட்ஸனிடம் கேட்டிருக்கிறார். இப்படியே இருக்கட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன்.

சார்லி மெக்காய் உண்மையில் மவுத் ஆர்கனில் பேர் போனவர். அந்த ஊரில் அவருக்கு மிஞ்சி ஆளில்லை என்பார்கள். இந்த ஆல்பத்திலோ மவுத் ஆர்கன் டிலன் வாயில் இருக்கிறது. கூர்மையாக, சில இடத்தில் காதைக் குத்துகிற மாதிரி ஊதுகிறார். மெக்காய் பக்கத்தில் நின்று பாஸ் வாசிக்கிறார். ஒரு தடவை வேறு எதையும் கவனிக்காமல் அந்தப் பாஸை மட்டும் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் அது நாலடி எடுத்து வைக்கும். அவர் தொடங்கியதும் ஒதுங்கிக்கொள்ளும்.

ஜான் வெஸ்லி ஹார்டிங் என்பவர் யார்?

டெக்சாஸில் வாழ்ந்த துப்பாக்கிக்காரர். அசல் பெயர் ஹார்டின். டிலன் ஒரு எழுத்தைச் சேர்த்துவிட்டார். 1853-ல் மெதடிஸ்ட் போதகர் வீட்டில் பிறந்தவர். அந்தச் சபையை உண்டாக்கிய ஜான் வெஸ்லியின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்தார்கள். பிள்ளை வளர்ந்து பலரைக் கொன்றது. பல வருடம் சிறையில் இருந்தார். உள்ளே சட்டம் படித்து வெளியே வந்து வக்கீலானார். 1895-ல் எல் பாசோவில் ஒரு சாராயக் கடையில் பின்னாலிருந்து சுட்டுக் கொன்றார்கள்.

பாட்டில் வருபவர் இவரல்ல. ஏழைக்கு நண்பர், யோக்கியமானவரை ஒருநாளும் துன்புறுத்தாதவர். மூன்று பத்திதான். நீளமான கதைப்பாட்டாகத் தொடங்கி, இரண்டாம் பத்தியில் அலுத்துப்போய், மெட்டு வீணாகக் கூடாதே என்று மூன்றாவதைச் சட்டென்று எழுதி முடித்ததாக டிலனே சொல்லியிருக்கிறார். கதை தொடங்கும் இடத்தில் பாட்டு முடிந்துவிடுகிறது. இந்த ஆல்பம் முழுக்க அப்படித்தான் என்பதால், முன்வாசலில் இந்தப் பாட்டு நிற்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

அட்டைப் படத்தில் டிலனுக்கு இரண்டு பக்கமும் நிற்பவர்கள் நம் நாட்டுக்காரர்கள் மாதிரி இருக்கிறார்களே?

நம் நாட்டுக்காரர்களேதான். வங்காளத்து பாவுல் பாடகர்கள் பூர்ண தாஸ், லக்ஷ்மண் தாஸ். பாவுல்கள் ஒற்றை நரம்பு ஏக்தாராவை மீட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பாடித் திரிபவர்கள். கோயிலிலும் மசூதியிலும் தேடுவதை மனித உடம்புக்குள்ளே தேடச் சொல்லும் பாட்டு அவர்களுடையது. டிலனின் மேனேஜர் ஆல்பர்ட் கிராஸ்மன் இவர்களை அமெரிக்காவுக்கு அழைத்து வந்து தன் ஊரில் தங்க வைத்திருந்தார். ஜான் பெர்க் என்பவர் போலராய்டு கேமராவில் எடுத்த படம் அது. பின்னால் நிற்பவர் உள்ளூரில் கொத்து வேலையும் தச்சு வேலையும் பார்த்தவர். இதே பாவுல்கள் 'பிக் பிங்க்' வீட்டிலும் பாடினார்கள். அந்தப் பதிவும் தனி இசைத்தட்டாக வந்திருக்கிறது. பூர்ண தாஸுக்கு 2013-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

அட்டையைத் தலைகீழாகத் திருப்பினால் மரப்பட்டையில் பீட்டில்ஸ் முகம் தெரிகிறது என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் ஆர்வமில்லை. நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். குளிரில் கோட்டும் தொப்பியுமாக நான்கு பேர், கண் கூசுகிற வெயில், டிலன் முகத்தில் லேசான சிரிப்பு. உலகத்திலேயே பேர் பெற்ற பாடகர், பாவுல்களுக்கும் கொத்தனாருக்கும் நடுவில் நாலோடு ஒன்றாக நிற்கிறார். உள்ளே இருக்கும் பாட்டுகளில் நாடோடி, வாடகைக்காரன், வந்தேறி, தூதன் என்று பேரில்லாத மனிதர்கள்தான் வருகிறார்கள். அட்டையும் அவர்களுடையதுதான்.

'ஆல் அலாங் தி வாட்ச்டவர்' ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பாட்டு இல்லையா?

எழுதியவர் டிலன். இந்த ஆல்பத்தின் நாலாவது பாட்டு. வெளிவந்த சில வாரத்திலேயே ராக் கிட்டார் கலைஞர் ஹென்ட்ரிக்ஸ் லண்டனில் அதைப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டார். 1968-ல் அது வந்து உலகமெல்லாம் பரவியது. அதற்குப் பிறகு டிலனே மேடையில் அவர் பாணியில்தான் பாடினார். டிலன் மேடையில் அதிக தடவை பாடிய பாட்டும் இதுதான், இரண்டாயிரத்தைத் தாண்டும்.

ஹென்ட்ரிக்ஸ் பாட்டில் புயல் வந்து அடிக்கிறது. டிலன் பாட்டில் புயல் இன்னும் வரவில்லை, வாசற்படியில் நிற்கிறது. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் பயம் தரும். ஒரு கோமாளியும் ஒரு திருடனும் பேசிக்கொள்கிறார்கள். 'இதிலிருந்து தப்ப வழியிருக்கும்' என்கிறான் ஒருவன். 'பதறாதே, நேரமாகிறது, பொய் பேச வேண்டாம்' என்கிறான் மற்றவன். அடுத்து காவல் கோபுரம். இளவரசர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தூரத்தில் காட்டுப் பூனை உறுமுகிறது. குதிரையில் இரண்டு பேர் வருகிறார்கள். காற்று ஊளையிடத் தொடங்குகிறது. அவ்வளவுதான், இரண்டரை நிமிடம். குதிரையில் வருகிற அந்த இரண்டு பேர்தான் முதலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் என்று ஒருநாள் பஸ்ஸில் போகும்போது எனக்கு உறைத்தது. அப்படியானால் பாட்டின் முடிவுதான் அதன் தொடக்கம். வீட்டுக்கு வந்து மறுபடி போட்டேன். கை முடி சிலிர்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

இதன் வேர் பைபிளில் ஏசாயா 21-ஆம் அதிகாரம். தமிழ் பைபிளில் 'ஜாமக்காரன்' என்று வரும். அவன் காவல் நிற்கிறான், குதிரை வீரர்கள் ஜோடியாக வருவதைப் பார்க்கிறான், பாபிலோன் விழுந்த செய்தி வருகிறது. டிலன் அந்தச் செய்தியைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். அந்தக் காலத்தில் அவர் வீட்டில் பெரிய பைபிள் ஒன்று திறந்தபடியே இருக்கும் என்று அவருடைய அம்மா சொல்லியிருக்கிறார்.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. புரியுமா?

புரியும். சின்னச் சின்னச் சொற்கள். அதற்கு முந்தைய ஆல்பங்களில் உவமை மேல் உவமையாக அடுக்கியவர் இங்கே ஒரு சொல்கூடக் கூடுதலாக வைக்கவில்லை. 'ஐ ட்ரீம்ட் ஐ சா செயின்ட் அகஸ்டின்' பாட்டிலிருந்து தொடங்குங்கள். கனவில் புனித அகஸ்டின் வருகிறார். கக்கத்தில் போர்வை, மேலே பொன் கோட்டு. தெருத்தெருவாக ஓடி மனிதர்களைத் தேடுகிறார். அவரைக் கொன்ற கூட்டத்தில் தானும் இருந்ததைக் கனவு கண்டவன் பார்க்கிறான். சரித்திரத்தில் அகஸ்டினை யாரும் கொல்லவில்லை. 430-ல் ஹிப்போ நகரம் முற்றுகையில் இருந்தபோது நோயில் இறந்தார். டிலன் தெரிந்தேதான் மாற்றியிருக்கிறார் என்பது என் எண்ணம். முதல் வரியும் மெட்டும், 1915-ல் அமெரிக்காவில் மரண தண்டனை பெற்ற தொழிலாளர் பாடகர் ஜோ ஹில்லைக் கனவில் கண்டதாகச் சொல்லும் பழைய பாட்டை நினைவூட்டும். அந்தப் பாட்டில் ஜோ ஹில் சாகவில்லை, நம்மோடு இருக்கிறார் என்ற தெம்பு உண்டு. இதில் கொன்ற கை என்னுடையது என்று தெரிகிறது.

விழித்ததும் அவன் கண்ணாடியில் விரலை வைத்து, தலை குனிந்து அழுகிறான். அது ஜன்னலா, முகம் பார்ப்பதா என்று ஆங்கிலச் சொல் காட்டிக்கொடுக்கவில்லை. தமிழில் 'கண்ணாடி' என்று சொன்னாலும் அந்த இரண்டும் அப்படியே நிற்கிறது. இந்த வரியைத் தமிழில் நினைக்கும்போதெல்லாம் எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

ஃப்ராங்கி லீ, ஜூடாஸ் ப்ரீஸ்ட் பற்றிய அந்த நீளமான கதைப்பாட்டில் என்னதான் நடக்கிறது?

ஃப்ராங்கி லீ, ஜூடாஸ் ப்ரீஸ்ட் என்று இரண்டு நண்பர்கள். ஃப்ராங்கிக்குப் பணம் தேவை. ஜூடாஸ் நோட்டுக் கட்டை எடுத்துக் காட்டி, வேண்டியதை எடுத்துக்கொள் என்கிறான். பிறகு ஒரு வீடு, இருபத்துநான்கு ஜன்னல், ஒவ்வொன்றிலும் ஒரு பெண் முகம். ஃப்ராங்கி உள்ளே ஓடுகிறான். பதினாறு நாள் பிதற்றி, பதினேழாம் நாள் நண்பன் கையில் தாகத்தில் சாகிறான். கடைசியில் நீதி சொல்லும் பத்தி ஒன்று உண்டு. அது கதையை இன்னும் சிக்கலாக்கும். ஐந்தரை நிமிடமும் மெட்டு மாறவே மாறாது. நான் இதை ஒரு கெட்ட கனவை விவரிக்கக் கேட்கிற மாதிரி கேட்கிறேன். 'ஜூடாஸ் ப்ரீஸ்ட்' என்ற ஆங்கிலேய ராக் குழு தன் பெயரை இந்தப் பாட்டிலிருந்துதான் எடுத்துக்கொண்டது.

உங்களுக்கு ரொம்பப் பிடித்த பாட்டு எது?

'டியர் லேண்ட்லார்ட்'. இதில் டிலன் பியானோ வாசிக்கிறார். வீட்டுக்காரரிடம் வாடகைக்கு இருப்பவன் பேசுகிறான். என் ஆத்மாவுக்கு விலை போடாதீர்கள், என் சுமை பெரிது என்று தொடங்குகிறான். லேண்ட்லார்ட் என்பது மேனேஜர் கிராஸ்மன் என்பார்கள், கடவுள் என்பாரும் உண்டு. எனக்கு முதலில் அது வீட்டு ஓனர்தான்.

2009-ல் நாங்கள் கீழ் போர்ஷனில் குடியிருந்தோம். மாடியில் ஓனர். காலை ஆறு மணிக்குத்தான் மோட்டார் போடுவார். விருந்தாளி வந்தால் தண்ணீர் அதிகம் போகிறது என்று பேச்சு வரும். ஒருநாள் திடீரென்று, மகன் குடும்பத்தோடு வருகிறான், இரண்டு வாரத்தில் காலி பண்ணுங்கள் என்றார். பெயின்ட் அடிக்க வேண்டும் என்று அட்வான்ஸில் பெரிய தொகையைப் பிடித்துக்கொள்வதாகவும் சொன்னார். மனைவி ஏழு மாத கர்ப்பம். காலையில் மேலே போய் என்னென்ன கேட்க வேண்டும் என்று ராத்திரி முழுக்க மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் எழுந்து இந்தப் பாட்டைப் போட்டேன்.

பாடுகிறவன் நடுவில் ஓர் இடத்தில் திரும்புகிறான். நீங்களும் நிறையக் கஷ்டப்பட்டிருப்பீர்கள், எனக்குத் தெரியும் என்கிறான். கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. என்னை நீங்கள் குறைத்து எடை போடாமல் இருந்தால் நானும் உங்களை அப்படிச் செய்ய மாட்டேன் என்று முடிக்கிறான். இரண்டு பேரும் ஒரே உயரத்தில் நிற்கிறார்கள்.

மறுநாள் மேலே போனேன். சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளைச் சொல்லவில்லை. "சார், பிரசவம் முடியும் வரைக்கும் டைம் குடுங்க" என்று மட்டும் கேட்டேன். ஒரு மாதம் கொடுத்தார். அட்வான்ஸில் பிடித்ததைத் திருப்பித் தரவில்லை. இன்றைக்கும் அந்தப் பியானோ தொடங்கினால் அந்த மாடிப்படி ஞாபகம் வருகிறது.

பிடிக்காத பாட்டு என்று ஒன்றும் இல்லையா?

'ஐ பிட்டி தி பூர் இமிக்ரன்ட்' எனக்கு நீண்ட நாள் ஒட்டவில்லை. மெட்டு பழைய ஸ்காட்லாந்துப் பாட்டிலிருந்து வந்தது, அழகானது. வார்த்தைகள் வந்தேறியின் மேல் இரக்கம் என்று சொல்லிக்கொண்டே அவனைக் குற்றம் சாட்டுகின்றன. இப்போதும் அதை முழு மனதோடு கேட்க என்னால் முடிவதில்லை.

கடைசி இரண்டு பாட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் சாதாரணக் காதல் பாட்டாக இருக்கின்றனவே?

பத்து பாட்டு வரைக்கும் நீதிமன்றம், சாவு, சாபம், கனவு. பத்தாவதில் ஒரு தூதன் வருகிறான். நல்ல செய்தி இல்லையென்றால் எதையும் கொண்டுவராதே என்று ஊர் அவனிடம் சொல்கிறது. அந்தச் சொல் காதில் இருக்கும்போதே பதினொன்றாவது பாட்டில் பீட் டிரேக் பெடல் ஸ்டீல் கிட்டாரோடு உள்ளே வருகிறார். ஆல்பத்தில் அதுவரை இல்லாத ஓசை அது. நரம்பின் மேல் உலோகத்துண்டு வழுக்கிப் போக, சுரம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு உருகி இறங்கும். அந்த வறண்ட பத்து பாட்டைத் தாண்டி வந்தவனுக்கு அது தண்ணீர்.

கடைசிப் பாட்டு 'ஐ'ல் பி யுவர் பேபி டுநைட்'. கதவைச் சாத்து, விளக்கை அணை, கவலைப்படாதே. இவ்வளவுதான் சேதி. தூதனிடம் கேட்ட நல்ல செய்தி இதுதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அடுத்த ஆல்பமான 'நாஷ்வில் ஸ்கைலைன்' 1969-ல் முழுக் கன்ட்ரியாக வந்தது, அதில் கன்ட்ரிப் பாடகர் ஜானி கேஷும் சேர்ந்து பாடினார். அதையும் விரும்பிக் கேட்பேன். ஆனால் அங்கே போகிற கதவு இந்தப் பாட்டில் திறக்கும் அந்தக் கணம் தனி.

புதிதாகக் கேட்பவர் எந்தப் பதிப்பை, எப்படிக் கேட்பது நல்லது?

2010-ல் வெளிவந்த மோனோ (இடம் வலம் பிரிக்காத ஒற்றை ஒலித்தடம்) தொகுப்பில் இதுவும் இருக்கிறது. கிடைத்தால் அதையே கேளுங்கள். எல்லாம் நடுவிலிருந்து, எதிரில் ஒருவர் உட்கார்ந்து பாடுவது போல வரும். இல்லையென்றாலும் பரவாயில்லை, எந்த ஸ்ட்ரீமிங் ஆப்பிலும் இருக்கிறது. பிடித்துப்போனால் அப்புறம் 2019-ல் வந்த, முன்பு வெளிவராத பதிவுகளைத் தரும் 'பூட்லெக்' தொகுப்பில் இதே அமர்வுகளின் மாற்றுப் பதிவுகளைத் தேடிக் கேட்கலாம்.

வரிசையை மட்டும் கலைக்காதீர்கள். வீடு அடங்கிய பிறகு, சத்தத்தை முழுக்கக் குறைத்து முதல் பாட்டைப் போடுங்கள். கிட்டாருக்குப் பின்னால் பாஸ் நடந்து வருவது காதில் விழும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.